முதலில் சூடு, அப்புறம்தான் பால்

கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றில், முயல் வளர்க்கும் மகளிர் சுய உதவிக் குழுவினரிடையே பேசியதன் எழுத்து வடிவம்



நான் செய்தித் துறையில் எழுத்து வேலை பார்க்கிறவள். கால்நடை டாக்டர் இல்லை. துறைகளும் பல்கலைக்கழகமும் சொல்கிற விஷயங்களை நம்ம பேச்சில் எடுத்துச் சொல்வதுதான் என் வேலை. அதனால மருந்து, ஊசி பற்றி இன்னைக்கு எதுவும் பேசப் போறதில்லை. வீட்டில் இருக்கிற துணியையும் வெந்நீரையும் வைத்துச் செய்யக்கூடிய ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் பேசப் போறேன்.

மார்கழி, தை மாசத்து விடிகாலை. புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கு. நீங்க கூண்டுக்குப் போறீங்க. பெட்டிக்கு வெளியே, கம்பி வலை மேல ஒரு குட்டி தனியாக் கிடக்கு. பிறந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கு. அசைவில்லை. ரோஸ் நிறம் போய் நீலம் பாரித்திருக்கு. நாம என்ன செய்வோம்? "பனியில செத்துப் போச்சு"ன்னு சொல்லி, ஒரு குழி தோண்டிப் போட்டுட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போவோம்.

அப்படிக் குழியில் போகிற குட்டிகளில் சிலதுக்கு இன்னும் உயிர் இருக்கும். இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். முயல் குட்டி ரொம்பச் சில்லிட்டுப் போனால் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். பார்த்தால் செத்த மாதிரியே இருக்கும். அதைச் சூடுபடுத்திப் பார்க்காமல் செத்துவிட்டதாக முடிவு செய்யக் கூடாது.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்க. பெண் முயல் ஏறக்குறைய 31 நாள் சினையாக இருக்கும். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் பால் கொடுக்கும். அந்த இரண்டு மாசமும் தீவனம் போடறீங்க, புல் அறுக்கறீங்க, கூண்டு கூட்டறீங்க. ஏழு குட்டி போட்டதில் மூணு, முதல் மூணு நாளிலேயே போய்விட்டால் மிச்சம் நாலு. ஏழு குட்டிக்கு ஆகிற உழைப்பில் பெரும் பங்கு நாலு குட்டிக்கும் ஆகிவிடும். நஷ்டம் உங்க கைக்காசு. குழுவில் கடன் வாங்கிக் கூண்டு போட்டவர்களுக்கு அந்த மூணு குட்டி தவணைப் பணம். முயல் வளர்ப்பில் குட்டிகள் அதிகமாகச் சாகிறது இந்த முதல் சில நாட்களில்தான்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் சில்லிடுது?

பிறந்த முயல் குட்டி 40 முதல் 60 கிராம் எடை இருக்கும். ஒரு எலுமிச்சம்பழ எடைன்னு வைத்துக்கொள்ளுங்க. உடம்பில் முடி கிடையாது. கண், காது திறந்திருக்காது. கண் திறக்கவே 10, 11 நாள் ஆகும். பெரிய முயலின் உடல் சூடு ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டைத் தனியாகக் காப்பாற்றிக்கொள்ள இந்தக் குட்டியால் முடியாது.

அதுக்கு இயற்கை மூணு வழி கொடுத்திருக்கு. ஒன்று, தோள்பட்டையிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கிற பழுப்புக் கொழுப்பு. அதை எரித்துத்தான் குட்டி தன் உடம்பில் சூடு உண்டாக்கும். விளக்கில் ஊற்றின எண்ணெய் மாதிரி அது. பால் வந்து சேராவிட்டால் தீர்ந்து போகும். இரண்டு, கூடப் பிறந்த குட்டிகளோடு ஒண்டிக்கொண்டு கிடப்பது. ஏழு குட்டி குவியலாக் கிடந்தால் கூட்டுக்குள்ளே 30 டிகிரிக்கு மேல் சூடு நிற்கும். மூணு, தாய் தன் வயிற்று முடியைப் பிடுங்கிப் போட்டுக் கட்டுகிற மெத்தை.

இந்த மூணில் ஒன்று குறைந்தாலும் குட்டி சில்லிட ஆரம்பிச்சுடும். சில்லிட்ட குட்டிக்கு வாயைத் திறந்து காம்பைப் பிடிக்கத் தெம்பு இருக்காது. பால் குடிக்காததால் இன்னும் சில்லிடும். இன்னும் சில்லிட்டதால் இன்னும் தெம்பு போகும். இந்தச் சுழலை உடைக்கத்தான் நம்ம கை வேணும்.

தாயைத் திட்ட வேண்டாம்

"இந்தத் தாய்க்குப் பாசமே இல்லை, குட்டியை வெளியே தள்ளிடுச்சு"ன்னு சொல்வாங்க. அது சரியில்லை. முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவைதான் பால் கொடுக்கும். அதுவும் மூணு முதல் அஞ்சு நிமிஷம்தான். பெரும்பாலும் இரவிலோ விடிகாலையிலோ கொடுத்துவிட்டுப் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும். கோழி மாதிரி அடைகாக்காது. நாய், பூனை மாதிரி குட்டிகளோடு படுத்துக் கிடக்காது. பகலெல்லாம் தாய் பெட்டிப் பக்கமே போகலைன்னு பயப்பட வேண்டாம். அதுதான் அதோட வழக்கம். மண்ணில் வளை தோண்டி வாழ்கிற முயல் வளைவாயை மண் போட்டு மூடிவிட்டுத் தள்ளியே இருக்கும். மோப்பம் பிடித்து நரி வராமல் இருக்க அது செய்கிற பாதுகாப்பு.

அப்புறம் குட்டி எப்படி வெளியே வந்தது? பால் குடிக்கும்போது காம்பைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். தாய் திடீரெனக் குதித்து வெளியே வந்தால் குட்டியும் தொங்கிக்கொண்டே வந்து விழுந்துவிடும். நாய் சத்தமோ எலி நடமாட்டமோ இருந்தால் தாய் மிரண்டு குதிக்கும். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும். முயலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வெளியே விழுந்த குட்டியைத் திருப்பிக் கூட்டில் சேர்க்க அதுக்குத் தெரியாது. அந்த வேலையை நாமதான் செய்யணும்.

"மனுஷ வாசனை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிடுமே"ன்னு நிறையப் பேர் குட்டியைத் தொடவே பயப்படறாங்க. வீட்டு முயல் உங்க கையில் தின்று வளர்ந்தது. உங்க வாசனை அதுக்குப் புதுசு இல்லை. சோப்பு வாசனை போகக் கையைத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்க. தாயை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு, அதே கையில் கூட்டு முடியைக் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு குட்டியைத் தொடுங்க. போதும்.

சில்லிட்ட குட்டியைக் கண்டால்

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். இரண்டே வார்த்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க: முதலில் சூடு, அப்புறம்தான் பால்.

சில்லிட்ட குட்டியைப் பார்த்ததும் நம்ம மனசு பதறி, பாலைத்தான் தேடும். இங்க்ஃபில்லரில் இரண்டு சொட்டு ஊற்றினால் தெம்பு வந்துடும்னு தோணும். அது குட்டியைக் கொன்றுவிடும். சில்லிட்ட குட்டிக்கு விழுங்கத் தெரியாது. ஊற்றின பால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்றுக்குள் போனாலும் குளிர்ந்த குடல் செரிக்காது. அதனால உடம்பு முழுக்கச் சூடாகி, குட்டி தானாக நெளிகிற வரைக்கும் வாயில் எதுவும் வேண்டாம். தண்ணீர்கூட வேண்டாம்.

சூடு எப்படிக் கொடுப்பது? மூணு வழி சொல்றேன். வீட்டில் எது வசதியோ அதைச் செய்யுங்க.

முதல் வழி, உங்க உடம்புச் சூடு. கரண்ட் இல்லாத நேரத்திலும் இது இருக்கும். குட்டி ஈரமாக இருந்தால் முதலில் மெல்லிய துணியால் ஒற்றித் துடைங்க. பிறகு சுத்தமான துணியில் சுற்றி, மூக்கு மட்டும் வெளியே இருக்கிற மாதிரி, சட்டைக்கோ ஸ்வெட்டருக்கோ உள்ளே மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளுங்க. கூண்டு வேலையைப் பார்த்துக்கொண்டே வைத்திருக்கலாம். லேசாகச் சில்லிட்ட குட்டிக்கு இது போதும்.

இரண்டாவது வழி, வெந்நீர் பாட்டில். வெதுவெதுப்பைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் தண்ணீர் நிரப்பி, இறுக மூடி, மேலே கெட்டித் துணியை இரண்டு மூணு சுற்று சுற்றுங்க. ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் அதை வைத்துப் பக்கத்தில் குட்டியைப் படுக்க வைங்க. கூட்டிலிருந்து ஒரு கைப்பிடி முடி எடுத்து மேலே போடுங்க. பாட்டில் நேரடியாகத் தோலில் படக் கூடாது. அந்தத் தோல் அவ்வளவு மெல்லிசு, உடனே வெந்துபோகும். பாட்டில் ஆறிவிட்டால் அதுவே குட்டியின் சூட்டை இழுக்கும். அதனால அரை மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்து மாற்றுங்க.

மூணாவது வழி, வெந்நீர்க் குளியல். ஐஸ் மாதிரி விறைத்துப் போன குட்டிக்கு இதுதான் வேகமான வழி. கைக்குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவும்போது முழங்கையை விட்டுச் சூடு பார்ப்போம் இல்லையா, அதே பதம். வெப்பமானி இருந்தால் 38 முதல் 40 டிகிரி. ஒரு கிண்ணத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றி, குட்டியின் தலையையும் மூக்கையும் விரலால் தாங்கித் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு, கழுத்து வரைக்கும் அமிழ்த்திப் பிடிங்க. தண்ணீர் ஆற ஆற வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விளாவணும். ஊற்றும்போது குட்டி மேல படக் கூடாது. உயிர் இருந்தால் கொஞ்ச நேரத்தில் வாயை ஒரு தடவை 'ஆ'ன்னு திறக்கும். அப்புறம் ஒரு கால் இழுக்கும். அப்புறம் உடம்பு நெளியும். நீலம் போய் ரோஸ் நிறம் திரும்பும். எடுத்ததும் துண்டால் நன்றாகத் துவட்டணும். தோல் மடிப்பில்கூட ஈரம் இருக்கக் கூடாது. ஈரத்தோடு விட்டால் கொடுத்த சூடு எல்லாம் வீண். துவட்டினதும் பாட்டில் வைத்த பெட்டிக்கு மாற்றிவிடுங்க.

எவ்வளவு நேரம் ஆகும்? சில குட்டி பத்து நிமிஷத்தில் நெளியும். சிலது அரை மணி, ஒரு மணிகூட எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டாதீங்க. உள்ளங்கையில் வைத்து, விரலால் முதுகையும் மார்பின் பக்கவாட்டையும் மெதுவாகத் தேய்த்துக் கொடுங்க.

செய்யக் கூடாதது சில இருக்கு. விறகடுப்புத் திண்ணையில் குட்டியை வைக்காதீங்க. ஒரு பக்கம் வெந்து, மறுபக்கம் சில்லிட்டுக் கிடக்கும். பல்பு போட்டால் 40 வாட் போதும். பெட்டியின் ஒரு ஓரத்தில், குட்டி எட்டாத உயரத்தில் தொங்க விடுங்க. சூடு கூடினால் தள்ளிப் போக மறு ஓரத்தில் இடம் இருக்கணும். வைக்கோலில் பல்பு பட்டால் தீப்பிடிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்க.

இன்னொன்று, இது குட்டிக்காக இல்லை, உங்களுக்காகச் சொல்றேன். குளிருக்காகக் கரி அடுப்பை, நெருப்புச் சட்டியை மூடின அறைக்குள் வைக்காதீங்க. கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். முயல் கொட்டகைக்கும் இதே விதிதான்.

சூடு வந்த பிறகு பால்

குட்டி நெளிகிறது, தொட்டால் வெதுவெதுன்னு இருக்கிறது, விரலை வாய்ப்பக்கம் கொண்டு போனால் தேடுகிறது. இப்பத்தான் பால் நேரம். இதுக்குச் சிறந்த பால், தாய்ப்பால்தான். முயல் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல ஏறக்குறைய மூணு மடங்கு இருக்கும். அதனாலதான் நாளைக்கு ஒரே ஒரு தடவை, அஞ்சு நிமிஷம் குடித்தே குட்டி வளருது. ஒரு வாரத்தில் பிறந்த எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும்.

தாய் மறுபடி பால் கொடுக்கிற நேரம் வரைக்கும் காத்திருக்கத் தெம்பில்லாத குட்டியாக இருந்தால், நாமே தாயிடம் ஊட்ட வைக்கணும். இரண்டு பேர் இருந்தால் சுலபம். ஒருத்தர் தரையில் உட்கார்ந்து, தாயை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்து, மெதுவாகச் சாய்த்து, வயிறு தெரிகிற மாதிரி பிடித்துக்கொள்ளணும். முதுகெலும்புக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கணும். முயல் திமிறி உதைத்தால் அதோட முதுகே ஒடிந்து போகும், அதனால ஜாக்கிரதை. இன்னொருத்தர் குட்டியைக் காம்பில் வைத்துப் பிடிக்கணும். குட்டி பிடித்ததும் மூணு நாலு நிமிஷத்தில் வயிறு நிரம்பிவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரே நேரத்தில் இப்படிச் செய்தால் போதும். முதல் ஈற்றுத் தாய்கள் சிலது இரண்டு மூணு நாளில் தானாகவே பெட்டிக்குள் போய்க் கொடுக்க ஆரம்பிச்சுடும்.

குடிச்சதா இல்லையான்னு எப்படித் தெரியும்? வயிற்றைப் பாருங்க. குடித்த குட்டியின் வயிறு உருண்டு, டம்மென்று இருக்கும். மெல்லிய தோல் வழியாக உள்ளே வெள்ளையாகப் பால் தெரியும். குடிக்காத குட்டியின் வயிறு ஒட்டி, தோல் சுருங்கித் தாத்தா முகம் மாதிரி இருக்கும். பிறந்த முதல் நாள் குடிக்காவிட்டாலும் குட்டி தாங்கும். இரண்டாம் நாளும் வயிறு ஒட்டியே இருந்தால் சும்மா இருக்கக் கூடாது.

எல்லாக் குட்டியும் ஒட்டின வயிறோடு இருந்தால் தாய்க்குப் பால் இல்லை, இல்லாட்டி தாய் பால் கொடுக்கலைன்னு அர்த்தம். ஒரே ஒரு குட்டி மட்டும் என்றால் போட்டியில் தோற்றுவிட்டது. பெரும்பாலான பெண் முயல்களுக்கு எட்டுக் காம்புதான். பத்துக் குட்டி போட்டால் இரண்டு காத்திருக்கணும். தாய் அஞ்சு நிமிஷத்தில் எழுந்து போய்விடும். அந்த இரண்டும் நாளுக்கு நாள் இளைக்கும்.

இதுக்கு நல்ல வழி, வேறு தாயிடம் சேர்ப்பது. வயசு வித்தியாசம் இரண்டு மூணு நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. புதுக் குட்டியை வளர்ப்புத் தாயின் கூட்டு முடியில் புரட்டி, அதன் குட்டிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் வாசனை ஒன்றாகிவிடும். முயல் தன் குட்டிகளை எண்ணிப் பார்க்கிற பிராணி இல்லை. பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். காது ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் எது யார் வீட்டுக் குட்டின்னு சண்டை வராது.

இங்கேதான் குழுவோட பலம் தெரியும். தனியாக முயல் வளர்க்கிறவருக்கு வளர்ப்புத் தாய் கிடைக்காது. நீங்க ஒரே குழு. பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு மூணு வீட்டுப் பெண் முயல்களை ஒரே நாளில் சேர்க்கைக்கு விட்டால், ஒரே நாளில் குட்டி போடும். ஒரு வீட்டில் பதினொன்று, இன்னொரு வீட்டில் நாலு என்றால் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை. சொறி, கழிச்சல், சளி இருக்கிற கொட்டகையிலிருந்து குட்டி வெளியே போகவும் கூடாது, உள்ளே வரவும் கூடாது.

கையால் பால் கொடுக்க நேர்ந்தால்

வளர்ப்புத் தாயும் இல்லை, தாயும் செத்துப்போச்சு என்றால் கடைசி வழி இது. முன்கூட்டியே சொல்லிடறேன், இதில் பிழைக்கிற குட்டிகள் குறைவு. ஆனாலும் முயற்சி செய்யலாம். காய்ச்சி ஆறவைத்த ஆட்டுப்பால், தண்ணீர் கலக்காமல், உடம்புச் சூட்டுப் பதத்தில் இருக்கணும். மாட்டுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தால் வயிறு நிறையும், சத்து சேராது.

ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்ச் போதும். குட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றாதீங்க. நான்கு காலும் கீழே, தலை கொஞ்சம் மேலே. உதட்டோரத்தில் ஒரு சொட்டு வைங்க. அது நக்கி விழுங்கினதும் அடுத்த சொட்டு. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தித் துடைத்துவிடுங்க. முதல் நாட்களில் ஒரு வேளைக்கு இரண்டு முதல் இரண்டரை மில்லி, காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒரு வாரக் குட்டிக்கு வேளைக்கு ஆறு ஏழு மில்லி வரைக்கும் போகலாம். ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் மெதுவாகத் துடைத்துவிடணும். தாய் நக்கிவிடுவதால்தான் குட்டி சிறுநீர் கழிக்கும். தாய் இல்லாத இடத்தில் அந்த வேலை நம்முடையது.

சில்லிடாமலே காக்க

காப்பாற்றுவதைவிடச் சில்லிடாமல் பார்த்துக்கொள்வது சுலபம்.

சேர்க்கை நடந்த தேதியைக் காலண்டரில் குறிங்க. 27, 28-ஆம் நாள் குட்டி போடும் பெட்டியைக் கூண்டுக்குள் வைங்க. ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் போதும். தாய் நுழைகிற பக்கம் அரை அடிக்குத் தடுப்பு இருக்கணும். அந்தத் தடுப்பில்தான் தொங்கி வருகிற குட்டி உரசி உள்ளேயே விழும். பெட்டியின் அடியில் ஈரம் வடியச் சின்ன ஓட்டைகள் வேணும். உள்ளே காய்ந்த புல்லோ வைக்கோலோ கனமாகப் பரப்புங்க. நூல், சாக்குப் பிசிறு, நைலான் துண்டு வேண்டாம். குட்டியின் காலில் சுற்றி இறுக்கிவிடும்.

குட்டி போடுகிற சமயத்தில் தாயின் வயிற்று முடி தளர்ந்து, இழுத்தால் கையோடு வரும். தாய் போதுமான அளவு பிடுங்காவிட்டால் நாமே மெதுவாகக் கொஞ்சம் எடுத்துப் போடலாம். ஒரு தாய் நிறையப் பிடுங்கினால் மிச்சத்தைச் சுத்தமான பையில் சேர்த்து வைங்க. அடுத்த தாய்க்கு உதவும்.

தினம் ஒரு தடவை, காலையில் பெட்டியைப் பாருங்க. தாய்க்கு ஒரு கைப்பிடி கேரட் தழை போட்டால் அது தின்றுகொண்டிருக்கும், நீங்க நிம்மதியாகப் பார்க்கலாம். மருந்தடித்த தோட்டத்துத் தழை மட்டும் கூடாது. குட்டிகளை எண்ணுங்க. செத்த குட்டி இருந்தால் எடுத்துவிடுங்க. பெட்டி நனைந்திருந்தால் புல்லை மாற்றுங்க. நனைந்த கூட்டில் எவ்வளவு முடி இருந்தாலும் சூடு நிற்காது. தாய்க்குத் தண்ணீர் எப்பவும் இருக்கணும். பால் கொடுக்கிற முயல் நிறையத் தண்ணீர் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் பால் குறையும். பனிக்காலத்தில் காலையில் ஜில்லென்ற தண்ணீருக்குப் பதில் வெதுவெதுப்பாக வைத்தால் நல்லாக் குடிக்கும்.

எறும்பை மறந்துடாதீங்க. ஓடக்கூடத் தெரியாத குட்டியை எறும்பு கூட்டமாக வந்து மொய்த்தால் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். கூண்டின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்க. எலிக்குச் சின்னக் கண்ணி வலை. வாடைக்காற்று அடிக்கிற பக்கம் சாக்குப் படுதா. ஆனால் நாலு பக்கமும் மூடிப் புழுக்கம் பண்ணிடாதீங்க. சிறுநீர் நெடி ஏறினால் பெரிய முயலுக்கே சளி பிடிக்கும்.

இந்தப் பேச்சைச் சமவெளியில் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க ஊரில் சித்திரை, வைகாசியில் ஆபத்து நேர் எதிர்ப்பக்கம். குட்டிகள் ஒன்றையொன்று விட்டு விலகி, உடம்பு சிவந்து, வாய் திறந்து கிடந்தால் அதுக்குப் புழுக்கம். முடியைக் கொஞ்சம் எடுத்துவிடுங்க. ஆனா ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பெட்டி உங்க ஊரிலும் குட்டியைச் சில்லிட வைக்கும்.

காட்டு முயல் குட்டியை எடுத்து வராதீங்க

பூண்டுத் தோட்டத்தில், புல்வெளியில் முயல் குட்டி தனியாகக் கிடந்ததுன்னு பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வருவாங்க. அது வேற பிராணி. காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே முடியும் திறந்த கண்ணுமாகப் பிறக்கும். தாய் அதைப் புல்லுக்குள் விட்டுவிட்டு இரை தேடப் போகும், பால் கொடுக்கத் திரும்பி வரும். அது அநாதை இல்லை. இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்க. காட்டு முயல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் பாதுகாக்கப்பட்டது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அடிபட்டுக் கிடந்தால் வனத் துறைக்குச் சொல்லுங்க. நாம வளர்க்கிற சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட், நியூசிலாந்து ஒயிட் எல்லாம் வீட்டு முயல் இனங்கள். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

எங்கே கேட்பது?

உங்களுக்கு ஒரு வசதி இருக்கு. நாம 'ஆட்டுப்பண்ணை'ன்னு சொல்கிற மன்னவனூர் மையம், ராஜஸ்தான் அவிகாநகரில் இருக்கிற மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல ஆராய்ச்சி மையம். செம்மறியாட்டோடு முயல் ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையங்களில் கேட்கலாம். நீலகிரியில் சாண்டிநல்லாவில் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. ஊரில் இருக்கிற கால்நடை மருந்தகம்தான் முதல் படி. கால்நடை அவசர உதவிக்கு 1962. வளர்ப்பு பற்றிய சந்தேகத்துக்கு உழவர் அழைப்பு மையம் 1800-180-1551, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

போகும்போது வெறும் கையோடு போகாதீங்க. ஒரு நோட்டு போடுங்க. சேர்க்கை தேதி, குட்டி போட்ட தேதி, எத்தனை குட்டி, எத்தனை போச்சு, எந்த நாளில் போச்சு. ஒரே தாய்க்கு இரண்டு ஈற்றிலும் குட்டி போனால் அது தாயின் பாலிலோ பெட்டியிலோ இருக்கிற கோளாறு. எல்லாத் தாய்க்கும் போனால் கொட்டகையிலோ நோயிலோ இருக்கிற கோளாறு. நோட்டைப் பார்த்தால் டாக்டர் ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடுவார். கூட்டோடு குட்டிகள் சாகுதுன்னா, செத்த குட்டியைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு உடனே மருந்தகத்துக்கு எடுத்துப் போங்க.

கடைசியாக ஒரு உண்மையும் சொல்லணும். எல்லாக் குட்டியும் எழுந்திருக்காது. ஒரு மணி நேரம் நன்றாகச் சூடு கொடுத்தும், உடம்பு முழுக்க வெதுவெதுப்பான பிறகும், வாய் திறக்கவில்லை, கால் இழுக்கவில்லை, துணி மாதிரி துவண்டு கிடக்குன்னா அது போய்விட்டது. ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்க. பிறவியிலேயே ரொம்பச் சின்னதாக, மற்றதில் பாதி அளவு இருக்கிற குட்டி, சூடாகி எழுந்தாலும் சில நாளில் போகலாம். அது உங்க குற்றம் இல்லை.

ஆனா அந்த ஒரு மணி நேரம் முடிகிற வரைக்கும் குழி தோண்ட வேண்டாம். இந்த மார்கழியில் கம்பி வலை மேல ஒரு குட்டி சில்லிட்டுக் கிடந்தால், பால் டம்ளரைத் தேடாதீங்க. கையில் எடுங்க, துடைங்க, சட்டைக்குள்ள வைங்க. பக்கத்து வீட்டு அக்காவை வெந்நீர் போடச் சொல்லுங்க. மூணில் ஒன்று எழுந்தாலும் அது உங்க வீட்டுக்கு மிச்சம்.